பானெட் சூடாக இருந்தால் திரும்பிவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ‘காரில் நான்கு கதவு வேண்டும், நானூறு குதிரைத்திறனும் வேண்டும், புதிது வாங்க வசதியில்லை’ என்ற வாசகர் ஒருவருக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதே ஆசையிலிருந்து வந்தவை. எனக்கும் அந்த ஆசை உண்டு என்பதால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அடுத்த வாரம் ஒரு பழைய, எட்டு சிலிண்டர் வி8 ஸ்போர்ட்ஸ் செடானைப் பார்க்கப் போகிறேன். ‘எப்போது வேண்டுமானாலும் வாங்க, வண்டி ரெடியாக இருக்கும்’ என்கிறார் விற்பவர். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அந்த ‘ரெடி’தான் எனக்கு இடிக்கிறது. ‘நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பெயின்ட்டையும் சக்கரத்தையும் பார்ப்பதற்கு முன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நிழலில் நிற்கிற கார் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு வி8 பார்க்கப் போனேன். கையை வைத்தேன், கதகதப்பாக இருந்தது. ‘இப்போதான் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தேன்’ என்றார் அவர். இருபது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான். எனக்கே உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது. ஆனால் அவர் சாவியைத் திருப்பினார், அந்தச் சத்தம் வந்தது, மணி அடித்தது காதில் விழவில்லை. அன்று மாலையே வண்டி என் வீட்டு வாசலில்.

மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணினேன். தகர டப்பாவில் காசைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். நான்கு விநாடி. பிறகு அமைதி. அந்த நான்கு விநாடிக்காக என்ஜினைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. அந்த வகை என்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் முன்னால் இல்லை. பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்திருந்தது. கையளவுத் துண்டு ஒன்றை மாற்ற, ஐந்து வாரம் என்ஜின் ஸ்டாண்டில் தொங்கியது.

ராத்திரி முழுக்க நின்ற என்ஜினில் ஆயில் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கியிருக்கும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வது ஆயில் பிரஷரில். அந்தப் பிரஷர் ஏறும் வரையிலான சில விநாடிகளில் செயினுக்கோ கைடுக்கோ டென்ஷனருக்கோ உள்ள நோய் வெளியே வரும். சூடான என்ஜினில் அது மறைந்துவிடும். புகையும் அப்படித்தான். குளிர்ந்த என்ஜினில் முதலில் வரும் மெல்லிய வெள்ளை ஆவி வெறும் ஈரம். அதற்குப் பயப்படத் தேவையில்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கலையாமல் இனிப்பு வாடையோடு தொங்கினால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ஆகவே சாவியை விற்பவர் திருப்பட்டும், நீங்கள் பின்னால் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். இரண்டாவது ஸ்டார்ட்டுக்கு முன்பக்கம் வந்து காது கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சத்தம் அன்றைக்கு ஒரு தடவைதான் வரும். கூட ஒரு நண்பரை அழைத்துப் போய் அவரை முன்னால் நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே மாடலில் இரண்டு கார். ஒன்று 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஆனால் சர்வீஸ் காகிதம் எதுவும் இல்லை. மற்றது 1,40,000 ஓடியது, எல்லா பில்லும் இருக்கிறது. எதை வாங்க?

இரண்டாவதை. பில்களில் கிலோமீட்டரை விடத் தேதியைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது ஆயில் மாறியிருக்கிறதா? குறைவாக ஓடிய காரின் ஓட்டமெல்லாம் பத்து நிமிடப் பயணங்களாகவே இருந்திருக்கலாம். ஆயில் சூடாவதற்குள் அணைத்து, மறுபடி குளிரவைத்து, மறுபடி ஸ்டார்ட். உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற நேரமே கிடைத்திருக்காது.

40,000 என்று மீட்டர் சொல்வதும் நிஜம்தானா? டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடு நசுங்கி, தோல் வெடித்து, பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகியிருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

டயரையும் குனிந்து பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். நான்கு டயரும் நான்கு கம்பெனி, அதுவும் கிடைத்ததில் மலிவானது என்றால், அந்த மனிதர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதைச் சிக்கனம் பிடித்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். லேன்சர் எவல்யூஷன், சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் இன்னும் மோசம். டயர்களின் தேய்மானம் ஒன்றுக்கொன்று பெரிதாக மாறுபட்டால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துத் தேயும்.

கேள்வி: எம்3, சி63, ஆர்எஸ்4 மூன்றில் எது தொல்லை குறைந்தது?

தொல்லை குறைந்தது வேண்டுமென்றால் இந்த மூன்றின் பெயரையும் எழுதியிருக்க மாட்டீர்கள்! எதன் தொல்லை உங்களுக்குச் சகிக்கும் என்பதைப் பொறுத்தது.

பிஎம்டபிள்யூ எம்3, இ90 என்ற தலைமுறைச் செடான்: 4.0 லிட்டர் வி8, நிமிடத்துக்கு 8,300 சுற்றில் 420 குதிரைத்திறன். அதற்குப் பேர்போன வியாதி பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பியரிங் தேய்வது. மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி, டபிள்யூ204: பெயரிலுள்ள 63, 6.3 லிட்டரைக் குறித்தாலும் என்ஜின் 6,208 சிசி. ஆரம்ப வருடக் கார்களில் சிலிண்டர் ஹெட்டை என்ஜினோடு இறுக்கும் ஹெட் போல்ட் பழுதாகி சிலிண்டருக்குள் கூலன்ட் கசிவதுண்டு. பிறகு போல்ட்டை மாற்றினார்கள். வாங்கும் கார் அந்த மாற்றத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று என்ஜின் நம்பரை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடி ஆர்எஸ்4, பி7: பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஆளில்லை. ஆயில் ஆவி படிந்து கரி ஏறிவிடும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அந்தக் கரியை எடுப்பார்கள். கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். ‘அப்படி ஒன்று உண்டா?’ என்று விற்பவர் திருப்பிக் கேட்டால் அந்தச் செலவு உங்களுடையது.

நான் எம்3 வாங்குவேன். பியரிங் தேய்கிறதா என்று என்ஜினைப் பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்க வழி இருப்பதுதான் காரணம். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காகித மடிப்பைக் கத்தியால் அறுத்து, பிழிந்து, வெள்ளைத் துணியின் மேல் விரியுங்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மினுக்கும் துகள் தெரியும். அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கூடவே நகர்வது இரும்பு. மினுக்கிக்கொண்டே அசையாமல் கிடப்பதுதான் கவலைக்குரியது: செம்பு, ஈயம் போன்ற பியரிங் உலோகங்கள் காந்தத்துக்கு மசியாது. ஆயில் வடியும்போது நடுவில் ஒரு சின்ன பாட்டில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் எது எவ்வளவு என்று எண்ணிக்கையோடு சொல்வார்கள். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மூன்று தடவை தொடர்ந்து ஏறினால் பியரிங்கை மாற்றிவிடுங்கள்.

எம்3-க்கு ஆயில் 10டபிள்யூ-60 என்ற தடிமன் வகைதான். மெக்கானிக் ‘இதுவும் நல்ல ஆயில்தான் சார்’ என்று வேறொன்றை எடுத்தால் டப்பாவை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஐந்து நிமிடம் நிறுத்தியே சூடுபண்ணிவிட்டு எடுப்பது நல்லதா?

என் அப்பா காலத்து கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. இந்தக் கார்களுக்கு வேண்டாம். நிற்கும் என்ஜின் சூடாக வெகுநேரம் பிடிக்கும். அதுவரை தாராளமாக இறங்கும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவி சம்ப்பில் சேரும். அரை நிமிடம் போதும், மெல்ல உருட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் மிதிக்கலாம் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. தண்ணீர் சூடானதற்குப் பல நிமிடம் கழித்துத்தான் ஆயில் சூடாகும். பிஎம்டபிள்யூவின் சில எம் கார்களில் இதற்கென்றே என்ஜின் சுற்றைக் காட்டும் டேகோமீட்டரைச் சுற்றி மஞ்சள் விளக்குகள் வைத்திருப்பார்கள். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து, போகலாம் என்ற எல்லை மேலே ஏறும். அப்படியொரு கார் எங்கள் வீட்டில் இருந்தபோது என் மகள் பின்சீட்டிலிருந்து எண்ணுவாள். ‘இன்னும் ரெண்டு இருக்குப்பா’ என்பாள். அவள் சொல்லாமல் நான் மிதித்ததில்லை. உங்கள் காரில் ஆயில் வெப்பமானியும் இல்லை, மகளும் இல்லை என்றால் பதினைந்து நிமிடம் பொறுங்கள். டர்போ வண்டியானால் வீடு வருமுன் கடைசிச் சில நிமிடமும் அதே நிதானம் வேண்டும்.

கேள்வி: திறனைக் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டரைச் சிப் ட்யூன் செய்து, பிறகு பழையபடி மாற்றிய கார். வாங்கலாமா?

சிப்பைத்தான் பழையபடி மாற்றலாம், அதுவரை பட்ட அடியை மாற்ற முடியாது. வேண்டாம். இன்னொன்று: எந்தக் காரானாலும் ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்தால் அதோடு நிற்காதீர்கள். ‘ரெடினஸ்’ பகுதியையும் திறக்கச் சொல்லுங்கள்; கார் தன்னைத் தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். முந்தின நாள்தான் கோளாறுகளை அழித்திருந்தார்கள் என்றால் அங்கே சில சோதனைகள் முடிவடையாமல் நிற்கும்.

கேள்வி: காரின் விலைக்கு மேல் எவ்வளவு கையிருப்பு வேண்டும்?

என் கணக்கு, வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு, முதல் வருடத்துக்கு. கார் பழசாக விலை இறங்கும். அதன் பிரேக் டிஸ்க்குக்கு வயது தெரியாது, அது இன்னும் புதுக்காரின் விலையில்தான் வரும். வாங்கியதும் எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள்; பிரேக் ஃப்ளூயிடை மறக்காதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் நான்கு தடவை அழுத்திப் பிடித்தால் அந்தச் சூடு வந்துவிடும், பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

கேள்வி: வீட்டில் தெரியாமல் வாங்கி, நண்பர் வீட்டில் நிறுத்தி, ஞாயிறு காலையில் மட்டும் ஓட்டலாம் என்று நினைக்கிறேன். யோசனை எப்படி?

வாரம் ஒரு முறை நிதானமாகச் சூடாக்கி நீளமாக ஓட்டினால் காருக்குக் கெடுதலில்லை. பேட்டரிக்கு ஒரு சார்ஜர் வாங்கி வையுங்கள். ஆனால் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணியதும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாகட்டும் என்று என்ஜின் முதல் ஒரு நிமிடம் தானாகவே உரத்துச் சுற்றும். நண்பர் வீடு எத்தனை தெரு தள்ளி?