முழு வேகத்தில் பழைய அவுட்போர்டு மோட்டார் இழுவை இழப்பது ஏன்?

மெதுவாக ஓடும்போது சீராக இருக்கும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சின்), முழுத் த்ராட்டிலில் ஓரிரு நிமிடங்களில் இழுவை இழக்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எரிபொருள் வரத்தையே. வேகம் குறையும் அந்தக் கணத்தில், டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவிலுள்ள, பெட்ரோலைக் கையால் முன்தள்ளும் ரப்பர் பல்பை இன்னொருவரை அழுத்தச் சொல்லுங்கள். வேகம் மீண்டால், பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டருக்குப் போதிய பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. பல்ப் சப்பிப்போய்க் கிடந்தால் தடை டேங்க் பக்கம் இருக்கிறது: மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பதே பெரும்பாலும் காரணம். சப்பாமல் தொளதொளவென்று இருந்தால், வெடிப்பு விட்ட குழாயோ தளர்ந்த இணைப்போ காற்றை உறிஞ்சுகிறதா என்றும், ஃபில்டரையும் எரிபொருள் பம்பின் டயாஃப்ரத்தையும் (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு) பாருங்கள்.

அழுத்தியும் பயனில்லையெனில், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட்டின் அடைப்பையும் ஸ்பார்க் பிளக்குகளையும் சோதியுங்கள். எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறிப் படகு நகராவிட்டால், ப்ரொப்பெல்லரின் நடுவில் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் வழுக்கிக்கொண்டிருக்கலாம்.

பழுது தெரியும்வரை தயவுசெய்து முழு வேகத்தில் ஓட்டாதீர்கள்; ஆயில் கலந்த பெட்ரோலே மசகாகவும் இருப்பதால், அது குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும்.