டிஎஸ்எல்ஆர் கேமராவைத் தூக்கும் ட்ரோனை வீட்டிலேயே செய்ய முடியுமா? நான்கு மோட்டார் போதுமா?

தாராளமாக முடியும். ஆனால் நான்கு மோட்டார் வேண்டாம், ஆறு போடுங்கள். நீங்களும் என்னைப் போலக் கல்யாண வீடியோ எடுப்பவர், கையில் கேமரா ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் மோட்டாரைத் தேடுகிறார்கள். நான் தராசை எடுக்கச் சொல்வேன். என்னுடையது கேனன் 5டி மார்க் 4. பேட்டரி, கார்டோடு 890 கிராம். 24-70 லென்ஸ் 805 கிராம். ஆக 1.7 கிலோ. கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிம்பல் ஒன்றேகால் கிலோ. 6எஸ் (ஆறு செல் தொடராக இணைத்தது) 16,000 எம்ஏஎச் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி இரண்டு கிலோவை ஒட்டி வரும். ஃப்ரேம், மோட்டார், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, கால்கள், ஒயர் எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. மொத்தம் எட்டு கிலோ என்று வையுங்கள். மோட்டார்கள் முழு வேகத்தில் இதைப் போல இரண்டு மடங்காவது, அதாவது 16 கிலோ தூக்க வேண்டும். ஆறு மோட்டாருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2.7 கிலோ. அதற்குக் குறைந்த கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) மோட்டாரும் 16, 17 அங்குல ப்ரொப்பெல்லரும் பாருங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினால்தான் பேட்டரி தாங்கும்.

ஒரு வாட்டுக்கு எட்டு கிராம் தூக்கும் என்று கணக்குப் போட்டால், அசையாமல் நிற்கவே 1,000 வாட் தேவை. அந்த பேட்டரியில் இருப்பது 355 வாட் மணி. அதில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. காகிதத்தில் 17 நிமிடம் வரும். காற்றில் 12 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

ஆறு மோட்டார் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்துதான் எங்கள் ட்ரோனைச் செய்தேன். கேமராவைக் கட்டும் முன்பு, அதே எடைக்கு மணல் பையைக் கட்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் பறக்கவிட்டோம். நடுவானில் ஒரு ஈஎஸ்சி செத்துவிட்டது. ட்ரோன் ஒரு பக்கம் சாய்ந்து, தன்னையே சுற்றிக்கொண்டு இறங்கியது. ஆனால் இறங்கியது! ஒரு கால் வளைந்ததோடு சரி. நான்கு மோட்டார் என்றால் குப்புறக் கவிழ்ந்து நேராகத் தரையில் விழுந்திருக்கும். அன்று நண்பர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆறு மோட்டார் இருந்தால் எப்போதும் தப்பிக்கலாம் என்று சொல்லவில்லை. மீதி ஐந்துக்கும் உபரி சக்தி இருந்தால்தான் தப்பிக்கும். அதற்குத்தான் அந்த இரண்டு மடங்கு.

'பேசாமல் டிஜேஐ கம்பெனியின் ரெடிமேட் ட்ரோன், ஒரு மேவிக் வாங்கலாமே' என்று இங்கே சிலர் வருவார்கள். முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது, உதிரி பாகங்களுக்குத்தான் இல்லை. தவிர, நான் சின்ன ட்ரோன்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு வேண்டிய லென்ஸை நானே மாட்டிப் படம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 2 முதல் 25 கிலோ வரை 'சிறிய' வகை. பைலட் சான்றிதழ் வேண்டும். முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான் உயரம். சொந்தமாகச் செய்ததை ஆர்வத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கண் பார்வைக்குள் பறக்கவிடலாம். தொழிலுக்கு என்றால் அந்த ட்ரோன் மாடலுக்கான வகைச் சான்றிதழ் இல்லாமல் கூடாது.

இதைச் சொன்னால் கல்யாண வீட்டார் காதில் ஏறுவதே இல்லை. 'அந்தப் பெரிய ட்ரோனைக் கொண்டு வாங்க தம்பி, மண்டபத்துக்குள்ள மணமேடை மேல சுத்த விடுங்க' என்கிறார்கள். எட்டு கிலோ, ஆறு இறக்கை, கீழே குழந்தைகள். முடியாது என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

சரி, உங்கள் கேமராவும் லென்ஸும் எந்த மாடல் என்று எழுதுங்கள். மோட்டார் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.