புழுவெட்டு: ஸ்டீராய்டு வேண்டாம் என்பவர்கள் கேட்டவை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் போன ஞாயிறு, வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு பற்றித் துண்டுச் சீட்டில் கேள்விகள் எழுதிக் கொடுத்தார்கள். நான் தோல் கிளினிக்கில் பல ஆண்டுகள் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தவள். அன்று நேரமில்லாமல் பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

மிஸ்ஸி, தலையில் 50 சென் காசு அளவுக்கு வட்டமாக முடி போய்விட்டது. ஏதாவது பூச்சி கடித்திருக்குமா?

பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை தம்பி. பெயர்தான் புழுவெட்டு. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே முடியின் வேரைத் தாக்குகின்றன. வேர் செத்துப்போவதில்லை, வளராமல் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வட்டம் மட்டும் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். ஆனால் அந்த இடம் செதில் செதிலாக உரிந்து, அரித்து, முடி ஒடிந்திருந்தால் அது படையாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் படை அதிகம். அதற்கு வேறு மாத்திரை தேவை. அதனால் முதலில் டாக்டர் கண்ணால் பார்க்கட்டும்.

ஸ்டீராய்டு என்றாலே முகம் வீங்கும் என்கிறார்கள். அது இல்லாமல் என்ன வழி?

ஸ்டீராய்டு என்பது அழற்சியை அடக்கும் மருந்து, புழுவெட்டுக்கு அதை வட்டத்துக்குள் ஊசியாகப் போடுவது வழக்கம். முகம் வீங்குவது பெரும்பாலும் மாத்திரையாக நீண்ட நாள் விழுங்குபவர்களுக்கு. அந்த ஊசியில் மருந்து கொஞ்சம்தான். அந்த இடத்தில் தோல் சற்றுக் குழியலாம். அதையும் மறுப்பது உங்கள் உரிமை, ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பயப்படாதீர்கள்.

ஸ்டீராய்டு இல்லாத வழிகளில் நான் அருகிலிருந்து பார்த்தது டி.பி.சி.பி. என்ற பூச்சு. முதல் நாள் கொஞ்சம் தடவி உடம்புக்கு அந்த மருந்தை அறிமுகம் செய்வார்கள். பிறகு வாரம் ஒரு முறை மிக நீர்த்த கரைசலில் தொடங்கி, லேசாகச் சிவந்து அரிக்கும் அளவு வரை கூட்டுவார்கள். அந்தச் சிறு அழற்சி, வேரைத் தாக்கும் அணுக்களைத் திசை திருப்புகிறது என்று கருதுகிறார்கள். பூசியபின் இரண்டு நாள் தலையில் வெயில் படக்கூடாது, அப்புறம் அலசலாம். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். இரண்டே மாதத்தில் விட்டுவிட்டுப் போனவர்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு இது கூடாது.

எனக்குப் புருவம்கூடப் போய்விட்டது. புது மாத்திரை வந்திருக்கிறதாமே?

ஆமாம் தங்கச்சி. பாரிசிட்டினிப் மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில், கடுமையான புழுவெட்டு உள்ள பெரியவர்களுக்காக அனுமதி கிடைத்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ரிட்லெசிட்டினிப் என்ற இன்னொரு மருந்து 2023இல் வந்தது. பாதித் தலைக்கு மேல் முடி இழந்தவர்களுக்கு 4 மில்லிகிராம் பாரிசிட்டினிப் கொடுத்த சோதனைகளில், 36 வாரத்தில் 100க்கு 35 முதல் 39 பேருக்குத் தலையில் 80 விழுக்காடாவது முடி இருந்தது. மற்றவர்களுக்கு அந்த அளவு வரவில்லை, அதையும் சேர்த்தே யோசியுங்கள். இது எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தொடங்கும் முன் காசநோய், கல்லீரல் அழற்சிச் சோதனைகள் வேண்டும். ரத்தம் உறைந்த வரலாறோ புகைப்பழக்கமோ இருந்தால் மறைக்காதீர்கள். நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டுகிறது. விலையும் அதிகம்.

பாட்டி சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார். ஆற்றுத்தும்மட்டிக் காயும் சொல்கிறார்.

வெங்காயச் சாற்றுக்கு ஒரு சிறிய ஆய்வு உண்டு. 2002இல் ஈராக்கில் தினம் இரண்டு முறை பூசிய 23 பேரில் 20 பேருக்கு 6 வாரத்தில் முடி முளைத்தது. மிகச் சின்ன எண்ணிக்கை, ஆனாலும் பாட்டி சொன்னதை நான் தள்ளமாட்டேன். எரிந்தால் நிறுத்துங்கள். தும்மட்டிக் காயைத் தேய்த்துத் தோல் வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "ஸ்டீராய்டு இல்லாத மூலிகை" என்று ஒரு மாத்திரை வாங்கினேன். நல்லா முளைக்கிறதே?

அண்ணே, எனக்குப் பயமே இதுதான். ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை விழுங்குகிறார்கள். பாரம்பரிய மருந்து என்று விற்பதில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. புட்டியில் "மால்" (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இருக்கிறதா பாருங்கள். பசி கூடி, முகம் உருண்டு, சர்க்கரை ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் திடீரென்று நிறுத்தாதீர்கள், நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் அதுவும் ஆபத்து. புட்டியோடு நேரே டாக்டரிடம் போங்கள்.

மினாக்சிடில்?

முடி வளரத் தலையில் பூசும் மருந்து அது. துணைக்குப் பூசலாம், அது மட்டும் போதாது. வீட்டில் பூனை இருந்தால் கவனம், அதற்கு விஷம்.

மகளுக்கு 9 வயது. பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள், எங்கே தொடங்குவது?

அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். அங்கேயே தைராய்டு ரத்தச் சோதனை தேவையா என்று கேளுங்கள், ஈப்போவில் தோல் நிபுணரைப் பார்க்கக் கடிதமும் கேளுங்கள். முன்பதிவு நாள் வரும்வரை வட்டத்தை மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு உதவும். வகுப்பு ஆசிரியரை முதலில் நீங்களே போய்ப் பாருங்கள், இது ஒட்டிக்கொள்ளாது என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லட்டும். மகளோடு பேச வேண்டுமென்றால் என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், அம்மா. சாயங்காலத்தில் இருப்பேன்.