இலங்கையில் கடற்கரைக் கிராமங்களையும் மலைக் கிராமங்களையும் ஒரே பயணத்தில் பார்ப்பது எப்படி?

"எட்டு நாள் விடுமுறை இருக்கிறது. இலங்கையில் மீனவர் ஊர்களையும் மலையூர்களையும் பார்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், கொழும்பில் இறங்கி, காலி, மிரிஸ்ஸ கடற்கரைகளைப் பார்த்துவிட்டு, எல்ல என்ற மலையூருக்கு ஏறி ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. அழகான இடங்கள்தான். ஆனால் நீங்கள் கேட்பது ஊர்களையும் மனிதர்களையும். அதற்கு நான் சொல்லும் வழி வேறு. தலைமன்னாரில் தொடங்குங்கள், மாத்தளை வழியாக ஹட்டனுக்கு ஏறுங்கள். அந்தத் தீவின் கடலும் மலையும் எப்படிச் சேர்ந்தன என்பது இந்த வழியில் போனால்தான் புரியும்.

நான் 2024 பிப்ரவரியில் அம்மாவோடு போனேன். நாங்கள் கோத்தகிரிப் பக்கம். அம்மா பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, 1972-ல் எட்டு வயதில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஹட்டனிலிருந்து கோச்சி (மலையகம் என்கிற அந்தத் தோட்டப் பகுதியில் ரயிலுக்கு அதுதான் பேர்), தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. திரும்பி வந்தவர்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் தாத்தாவுக்கு வேலை கிடைத்தது. அம்மா வந்த வழியை அப்படியே திருப்பிப் போட்டதுதான் எங்கள் பயணம்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுகிறது, ஆனால் கடல் சரியில்லை என்றால் நின்றுவிடும், ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்குப் பஸ். சங்குப்பிட்டிப் பாலம் 2011-ல் திறந்த பிறகு இந்த வழி சுலபமாகிவிட்டது.

மன்னார் தீவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கழுதைகள். தெருவில், கடை வாசலில், பஸ் நிலையத்தில், எங்கே பார்த்தாலும் நிற்கும். பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் இருக்கிறது. ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றி நடக்கவே கொஞ்ச நேரம் ஆகும். கோட்டையும் திருக்கேதீஸ்வரமும் பக்கத்திலேயே. இவற்றுக்கு ஒரு நாள் போதும். மீதி நேரத்தைப் பேசாலைக்குக் கொடுங்கள்.

பேசாலை கத்தோலிக்க மீனவர்கள் வாழும் ஊர். விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் கரைக்குப் போய்விடுங்கள். படகுகள் வந்து சேர்ந்ததும் வலைகளை வாடிக்கு (கரையோரக் கொட்டகை) கொண்டுவந்து போட்டு, குடும்பமாக உட்கார்ந்து நண்டு கழற்றுகிறார்கள். ஒரு அக்கா செய்ததை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நண்டின் ஓட்டைப் பின்பக்கமாக இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முதலில் கடிக்கும் கால்கள் இரண்டையும் நூலிலிருந்து விடுவிக்கிறார். அப்புறம் ஒவ்வொரு சின்னக் காலாக, நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தளர்த்தி விடுகிறார். இழுக்கவே கூடாது. கால் உடைந்தால் விலை போச்சு. நான் ஒன்றை எடுத்து முயன்றேன், முதல் காலிலேயே நூல் இன்னும் இறுகியது. "விடுங்கோ தம்பி, அது உங்களுக்குச் சரிவராது" என்று வாங்கிக்கொண்டார்.

அம்மாவும் அவரும் பேசத் தொடங்கினார்கள். அம்மா கேட்டது கடலைப் பற்றி, அவர் கேட்டது தேயிலையைப் பற்றி. அவர் கணவர் வலையை மடித்துக்கொண்டே, "நீங்கள் இந்தியாவில் எவடம்?" என்று கேட்டார். மலைப் பக்கம் என்று சொன்னதும் கொஞ்சம் இளகி, அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். "உங்கட பெரிய போட்டுகள் ஒரு ராத்திரி வந்து போனால் எங்கட வலை மிஞ்சாது." வலை ஒன்று போனால் எத்தனை நாள் உழைப்பு போகும், கடன் எங்கே வாங்க வேண்டும் என்று விரிவாகச் சொன்னார். அந்தப் போட்டுகள் இழுக்கும் இழுவை மடி வலை கடலின் அடியை வாரிக்கொண்டு போகும். இலங்கை 2017-ல் சட்டம் போட்டு அந்தத் தொழிலைத் தடைசெய்துவிட்டது. நம் ஊர்ச் செய்திகளில் கைது, சிறை என்று நம் பக்கத்து மீனவர்களின் துயரம் மட்டும் வருகிறது. அதுவும் உண்மைதான். அதே கடலில் வலை இழக்கிற இவர்கள் துயரமும் நமக்குத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்தப் பேச்சு வரும். வாதாடாமல் கேளுங்கள்.

கிளம்பும்போது அவரிடமே இரண்டு கிலோ கருவாடு வாங்கினோம். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

தலைமன்னார் பியருக்கு (இறங்குதுறை) மறுநாள் போனோம். 1914-லிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் போன இடம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடி, எண்பதுகளில் போர்க் காலத்தில் நின்றது. 2015-ல் ரயில் மறுபடி அங்கே வரை வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. பழைய இறங்குதுறையின் மிச்சம் கடலுக்குள் நீண்டு நிற்கிறது, பக்கத்தில் கலங்கரை விளக்கம். கடற்படையினர் இருப்பார்கள், படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு அந்த இடம் அடையாளமே தெரியவில்லை. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்ததும், பாட்டி அம்மிக்கல்லைக் கொண்டுவர விடவில்லை என்று அழுததும்தான் நினைவு. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இனி அந்த வழியைப் பற்றி. 1820-களிலிருந்து தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கூலி வேலைக்குப் போனவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள் நடந்தே மாத்தளைக்குப் போனார்கள். சுமார் 250 கிலோமீட்டர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் எண்ணில் அடங்காதவர்கள். அப்போது மலையில் இருந்தது தேயிலை அல்ல, காப்பி. காப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் ஆள் வேண்டும், அதனால் வருவதும் திரும்புவதுமாக இருந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869-ல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது, அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பியே அழிந்தது, மலை முழுக்கத் தேயிலை ஏறியது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். வந்தவர்கள் திரும்ப முடியாமல் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகள்) தங்கிப்போனது அதனால்தான். 1948-ல் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்களாக ஆக்கினார்கள். இந்தியாவுக்கு அனுப்பியது போக மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை முழுதாகக் கிடைக்க 2003 வரை ஆயிற்று.

2023-ல், வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடைபயணம் போனார்கள். ஜூலை 28-ல் தொடங்கி ஆகஸ்ட் 12-ல் முடித்தார்கள். நீங்கள் நடக்க வேண்டாம். மன்னாரிலிருந்து மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை என்று பஸ் மாறி மாறிப் போனால் ஒரு பகலில் மாத்தளை வந்துவிடும். ஜன்னல் ஓரம் உட்காருங்கள். மணலும் பனையும் முடிந்து, முள்ளுக்காடு வந்து, குளமும் வயலும் வந்து, தம்புள்ளைக்கு அப்புறம் காற்றே மாறும். ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து முதுகு வலிக்கும்போது, இதைக் கைக்குழந்தையோடு நடந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று தானாகவே தோன்றும்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். பிப்ரவரி, மார்ச்சில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வடக்கில் மழை விட்டிருக்கும், மலையில் வெயில் இருக்கும், பல தோட்டங்களில் காமன் கூத்தும் அந்த மாதத்தில்தான்.

கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ரயில். ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அந்த மலைகளை உலுக்கிவிட்டது. மண்சரிவில் வீடுகளோடு மனிதர்கள் புதைந்தார்கள், ரயில் பாதை பல இடங்களில் பெயர்ந்துபோனது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது, எந்தச் சரிவில் எச்சரிக்கை இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ரயில் இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏறலாம்.

மலையூர் என்றால் தோட்டம் மட்டும் இல்லை. நக்கிள்ஸ் மலைக்குள் மீமுரே என்ற சிங்களக் கிராமம் இருக்கிறது. படிப்படியாக வயல், மிளகு, மண் வீடு. நாள் இருந்தால் கண்டியிலிருந்து போய் ஓர் இரவு தங்கலாம். எங்களுக்கு நேரம் இல்லை. மழை பெய்திருந்தால் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் பஸ். தோட்டம் கம்பெனி நடத்துவது, லயம் ஆட்கள் வாழும் வீடு. கேட்காமல் நுழையாதீர்கள், கேமராவை முதலில் எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் காசு, மிட்டாய் நீட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள், அன்றுதான் வீட்டில் இருப்பார்கள்.

நாங்கள் போனது சனிக்கிழமை மாலை. பெரட்டுக்களத்துக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) பக்கத்து மலையில் இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு (சாக்குத் துணி) கட்டி, நெற்றியில் கயிறு மாட்டி, முதுகில் கூடை. அம்மா சாலையோரத்தில் நின்று பார்த்தவர், சட்டென்று குனிந்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சின்னத் திருப்பு, டக்கென்று சத்தம். கோத்தகிரியில் இப்போது பல இடங்களில் கத்தரி வைத்து வெட்டுகிறார்கள். கையால் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது அவருக்கு. மேலே நின்ற ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஏங்கக்கா, நீங்க கொழுந்து எடுக்கிற ஆளா?" என்று கத்தினார். அவ்வளவுதான், அன்று இரவு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஒரு லயக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஐந்து பேர். சுவர் இன்னொரு வீட்டுக்கும் சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அடுப்புப் புகை தகரத்தில் படிந்து கறுத்திருந்தது. வழியில் இந்திய உதவியில் கட்டிய தனி வீடுகளும் பார்த்தோம், ஏழு பேர்ச் (இலங்கையில் நிலத்தை அளக்கும் அலகு) நிலத்தில். இவர்களுக்கு இன்னும் வரவில்லை. பெண் பிள்ளை உயர்தரம் (நம் பிளஸ் டூ போல) படிக்கிறாள், படிக்க இடம் வேண்டும் என்று இரவில் அடுப்படியை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் கம்பளம் என்று எழுதுகிறவர்கள் ஒரு மணி நேரமாவது இப்படி ஒரு காம்பராவில் உட்கார்ந்துவிட்டு எழுத வேண்டும் என்பது என் மனமார்ந்த விருப்பம்.

கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, தடியாக ரொட்டி சுட்டார்கள். கூட இடித்த சம்பல். அப்போதுதான் பேசாலைக் கருவாட்டை எடுத்துக் கொடுத்தோம். மலைக்குப் போகும்போது கருவாடு கொண்டுபோ என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். மலையில் மீன் கிடைப்பது எப்போதாவது, கருவாடுதான் எல்லா நாளும். நீங்களும் வாங்கிப் போங்கள், அதைவிட நல்ல கைப்பொருள் இல்லை. அந்தப் பெண் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "மன்னார்க் கருவாடா? கடையில வாங்குறதுல மண்ணுதான் பாதி" என்று சொல்லி, கையோடு நாலு துண்டைத் தணலில் போட்டார்.

காலையில் கிளம்பும்போது ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கட்டிக் கொடுத்தார். தோட்டத்தில் அவர்களுக்குக் கொடுக்கும் தூள். அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "எங்க ஊர்லயும் தேயிலைதான்" என்றார். "அது அந்த ஊர்த் தேயிலை. இது நீங்க பொறந்த மலை" என்று பையில் திணித்துவிட்டார்.