படகைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். இருவருக்கும் 60 வயது தாண்டிவிட்டது, ஹட்டனில் இருக்கிறோம். பிரேசிலின் மனாவுஸ் நகரிலிருந்து பெலெம் வரை அமேசன் ஆற்றில் பயணிகள் படகில் போகலாம் என்று லண்டனில் இருக்கும் மகள் கூப்பிடுகிறாள். கேபின் வேண்டுமென்றால் இப்போதே முழுப் பணத்தையும் டொலரில் கட்டச் சொல்கிறார் கண்டியில் ஒரு பயண முகவர். மனாவுஸில் ஒரு இரவு தங்கினால் போதுமாம். கட்டலாமா? படகில் படுக்கத் தொங்குபடுக்கை வேண்டுமாமே, அதை இங்கேயே வாங்கிக்கொள்ளவா?

பதில்: கட்டாதீர்கள் டீச்சர். உங்கள் கடிதத்தில் படகின் பெயர் இல்லை, புறப்படும் நாளும் இல்லை. முகவரும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். படகின் பெயர், நாள், கேபின் இலக்கம் மூன்றையும் எழுத்தில் தராதவரிடம் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீதை இன்றே கேட்டு வாங்குங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நானும் என் தம்பியும் இதே வழியில் போனோம். மனாவுஸ் துறைமுக வாசலில் ஒருவர் பளபளப்பான படகுப் படத்தைக் காட்டி டிக்கெட் விற்றார். ஏறப் போனபோது படகு வேறு, புறப்பட்டதும் மறுநாள். கடைசியாகக் கிடைத்த இடம் கழிப்பறைக்கு அருகே. நாலு நாளும் அந்த வாடையிலேயே படுத்திருந்தோம். என் தம்பி அதை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே மனாவுஸில் ஒரு இரவு போதாது. மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாளே துறைமுகத்துக்குள் இருக்கும் கவுண்டருக்குப் போய் எந்தப் படகு என்றைக்கு என்று கேளுங்கள். படகு கரையில் நின்றால் ஏறிப் பார்க்கக் கேட்கலாம். கேபினைத் திறந்து கட்டிலின் அகலம், குளிரூட்டி, கழிப்பறை எல்லாம் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கேபின்கள் குறைவுதான், முகவர் சொன்னதில் அது மட்டும் உண்மை. ஒக்டோபர் இரண்டாம் ஞாயிறை ஒட்டிப் போகாதீர்கள். அப்போது பெலெமில் நாசரேத் மாதாவின் பெருவிழா, படகெல்லாம் நிரம்பி வழியும்.

தொங்குபடுக்கையை இங்கே வாங்க வேண்டாம். லயத்தில் சேலைத் தொட்டில் கட்டி வளர்ந்த நமக்கு அது புதிதல்ல, ஆனால் படகுக்கு ஏற்ற நீளமும் துணியும் அங்கேதான் கிடைக்கும். துறைமுகத்தைச் சுற்றிய கடைகளில் ‘ஹெஜி’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வலையாகப் பின்னியது வேண்டாம், முதுகில் பதியும். அடர்த்தியான பருத்தித் துணியாக, குறுக்காகச் சாய்ந்து படுக்கும் அகலத்தில் வாங்குங்கள். கட்டும் கயிறு தனியாக விற்பது, அதை மறந்து படகில் ஏறித் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வயதுக்கு இரவில் கேபினில் தூங்குவதே நல்லது, முழங்காலுக்கும் முதுகுக்கும். ஆனாலும் பகலில் சாய்ந்து ஆற்றைப் பார்க்க ஒன்று கட்டாயம் வேண்டும். புறப்பட நாலைந்து மணி நேரம் இருக்கும்போதே ஏறி, இயந்திரச் சத்தம் வராத முன்பக்கமாகக் கட்டிவிடுங்கள்.

சக்கரப் பெட்டியை விட்டுவிட்டுத் தோள்பை கொண்டு போங்கள். மனாவுஸில் ஆற்று நீர் ஒரு வருடத்துக்குள் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். ஜூன் வாக்கில் நிரம்பி, ஒக்டோபர், நவம்பரில் வற்றும். அதற்காகத்தான் துறையையே மிதக்கும்படி கட்டியிருக்கிறார்கள். நீர் வற்றிய காலத்தில் இறக்கம் செங்குத்தாக இருக்கும்.

மிஞ்சும் நேரத்தில் ஆற்றோரத்து இரும்புச் சந்தைக்குப் போங்கள். 1883இல் திறந்தது. மீனும் பழமும் மரவள்ளி மாவும் குவிந்து கிடக்கும். மரவள்ளி அவர்கள் மண்ணிலிருந்து நமக்கு வந்த கிழங்கு, படகில் சோறு, அவரை, இறைச்சியோடு அந்த மாவையும் தூவித் தருவார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் என்றால் இந்தச் சந்தையிலேயே பழமும் பிஸ்கட்டும் வாங்கி வையுங்கள். தேயிலைத் தூள் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், அங்கே எல்லோரும் கோப்பிதான்.

இரண்டு ஆறுகள் சேரும் இடத்தைப் பார்க்கவென்று தனிச் சுற்றுலா விற்பார்கள். கருநிற நெக்ரோவும் கலங்கிய சொலிமோயிஸும் சுமார் 6 கிலோமீட்டர் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும் இடம் அது. பெலெம் படகு அந்த வழியாகத்தான் போகிறது. பகலில் புறப்படும் படகென்றால் அந்தக் காசு மிச்சம். 1896இல் திறந்த ஒபரா அரங்குக்கு நுழைவுச் சீட்டு வாங்குங்கள், அது தகும். ரப்பர் பணத்தில் எழுந்தது.

அந்த ரப்பருக்கும் நமக்கும் தொடர்பு இருக்கிறது. வழியில் சந்தாரெம் என்ற ஊரில் படகு நிற்கும். அந்தப் பகுதியிலிருந்துதான் 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகள் அதே வருடம் இலங்கை வந்து கம்பஹா அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அப்புறம் கேகாலையிலும் களுத்துறையிலும் பால் வெட்டியவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! சந்தாரெமில் கொஞ்ச நேரம் இறங்கி நின்று பாருங்கள் டீச்சர்.

மறக்கக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்கவில் அதன் சான்றிதழைக் கேட்பார்கள். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். 60 தாண்டியவர்களுக்கு இந்த ஊசி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே இருவரும் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மகளிடம் அப்போதே சொல்லிவிடலாம், யாருக்கும் பண நட்டம் இல்லை.