நீச்சல் தெரியாதவர் தீவுக்குப் போகலாமா?

கேள்வி: தாய்லாந்தின் சாமுய் தீவிலிருந்து ஆங் தோங் தீவுகளுக்கு ஒரு நாள் ஸ்பீட்போட் பயணம் போகிறோம். எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்நோர்கெலிங் (குழாய் வழியே வாயால் மூச்சு விட்டபடி கடலுக்குள் பார்ப்பது), கயாக் (துடுப்புப் படகு) எல்லாம் சரிப்படுமா? – வாசகி, மதுரை

பதில்: வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத் தாராளமாக இறங்குங்கள். நானும் உங்கள் கட்சிதான். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்தது. வாயால் மூச்சு விடப் பழகுவதற்குள்தான் நாலு மிடறு உப்புத்தண்ணீர் உள்ளே போனது. படகில் முன்பக்கம் வேண்டாம், அலைக்கு அலை இடுப்பு எகிறும். கயாக்கில் பின்னால் இருப்பவர்தான் திசை திருப்ப வேண்டும். கணவரை அங்கே உட்கார வையுங்கள். சண்டை வராது என்று சொல்லமாட்டேன்! மே கோ தீவின் பச்சை ஏரியை விட்டுவிடாதீர்கள், படிகள் செங்குத்து. அப்புறம், பவளப்பாறையைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனுக்கு அங்குள்ள தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை. முழுக்கைச் சட்டையே போதும்.