வாசலைத் தாண்டிய பிறகு

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 41. செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் மகனோடு இருக்கிறேன். அடி தாங்காமல் ஆறு வருடங்களுக்கு முன்பு கணவரைப் பிரிந்து வந்தேன். விவாகரத்தும் ஆகிவிட்டது. ஒரு சிறுகதைப் போட்டிக்காக என் அனுபவத்தை வைத்துக் கதை எழுதினேன். அதில் கணவன் அடிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. பிரிந்து வந்து பல வருடம் ஆன ஒருத்தி வேலை முடிந்து கடைக்குப் போகிறாள். சோப்பு அடுக்கின் முன்னால் நிற்கிறாள், எதை எடுப்பதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புகிறாள். ராத்திரி கிரில் கதவின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. எங்கள் வாசகர் வட்டத்தில் படித்தேன். "அவன் என்ன செய்தான் என்று காட்டாமல் யார் நம்புவார்கள்? அதுதான் வெளியே வந்துவிட்டாளே, இன்னும் ஏன் பயப்படுகிறாள்? முடிவில் ஒரு நம்பிக்கை வேண்டாமா?" என்றார்கள். இந்த வாரம் அம்மா பார்க்கும் தொடரில், அடித்த புருஷன் மனைவியின் காலில் விழுந்து திருந்திவிட்டான். "பார், அவன் திருந்தலையா?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். கதை தப்பா, நான் தப்பா என்றே தெரியவில்லை.
- பெயர் வேண்டாம், கோலாலம்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கதையும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. வாசகர் வட்டத்தில் கேட்டவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்துப் பழகிய கதைகள் அப்படி.

படத்திலும் தொடரிலும் வீட்டு வன்முறை என்றால் கன்னத்தில் ஓர் அறை. அவள் சுவரோரம் சரிவாள், வளையல் உடையும், பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும். அப்புறம் இரண்டே வழிதான். ஒன்று, அவன் திருந்துவான். இல்லையென்றால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவாள், இசை உயரும், முடிந்தது. அந்தப் பக்கம் போனவள் எங்கே தங்கினாள், வாடகை முன்பணத்துக்கு என்ன செய்தாள், பிள்ளையின் பள்ளி மாற்றத்துக்கு யாரிடம் நடந்தாள், அன்றைக்கு ராத்திரி தூங்கினாளா, இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை.

வாசலைத் தாண்டியதும் ஆபத்து விலகிவிட்டது என்று பார்ப்பவர்கள் நம்பிவிடுவதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை. இந்தத் துறையில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் நேர்மாறாகத்தான் சொல்வார்கள். பிரியும் நேரமும் பிரிந்த பிறகு வரும் மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. அதுவரை தன் பிடியில் இருந்தவள் கைவிட்டுப் போகிறாள் என்பதை அவன் அப்போதுதான் உணர்கிறான். வேலையிடத்துக்கு வந்து நிற்பதும், பிள்ளையின் பள்ளி வாசலில் காத்திருப்பதும், விடாமல் போன் அடிப்பதும் அப்போதுதான் தொடங்கும். உங்கள் கதாநாயகி பூட்டை இழுத்துப் பார்ப்பதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் இதை அறியாதவர்கள். ஒரு காலத்தில் அந்தப் பழக்கம்தான் அவளைக் காப்பாற்றியிருக்கும்.

ஆபத்து முழுக்க நீங்கிய பிறகும் உடம்பு அதை அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது. பிரிக்ஃபீல்ட்ஸில் பூ கட்டி விற்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். கணவர் இறந்தே பல வருடமாகிவிட்டது. இன்றைக்கும் கைப்பேசியைத் திரை மேலே தெரியும்படி பூக்கூடைக்குப் பக்கத்தில்தான் வைப்பார். மணி அடித்தால் கையில் இருக்கும் சரத்தை அப்படியே போட்டுவிட்டு எடுப்பார். சில நேரம் நூல் அவிழ்ந்து மல்லிகை அத்தனையும் தரையில் கொட்டிவிடும். ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்தாகணும்மா" என்றார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியில் அந்த மனிதர் எனக்கு முழுதாகத் தெரிந்துவிட்டார். உங்கள் சோப்புக் காட்சியும் எனக்கு அதே வேலையைத்தான் செய்கிறது. எத்தனையோ வருடம் எந்தச் சோப்பு, எந்த அரிசி, எந்தப் புடவை என்று எல்லாவற்றையும் இன்னொருவன் முடிவு செய்து, தப்பானதை வாங்கி வந்தால் தண்டனையும் கொடுத்திருந்தால், கடையில் தனியாக நிற்கும்போது கை நீளாது. அடிக்கும் காட்சியைப் பத்துப் பக்கம் எழுதினாலும் இது கிடைக்காது.

மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ளக் காலம் எடுத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கும் வீட்டுக்குள் வருடக்கணக்காக வதைபட்ட பெண்ணுக்கும் வரும் அறிகுறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, தூக்கம் கெடுவது, எதுவுமே தோன்றாமல் மரத்துப்போவது எல்லாம் இரண்டு பேருக்கும் பொது. தப்பிக்க வழியில்லாமல் நீண்ட காலம் ஒருவன் பிடியில் இருந்தவர்களுக்கு இன்னும் ஆழமான பாதிப்பு உண்டு என்றார். தன்மேலேயே வெறுப்பு, யாரையும் நம்ப முடியாமை, கோபத்தை அடக்க முடியாமை என்று அது போகும். உலகச் சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாகத் தன் வகைப்பாட்டில் சேர்த்து, அந்த வகைப்பாடு நடப்புக்கு வந்தது 2022இல். முப்பது வருடம்! ஆறே வருடத்தில் ஏன் சரியாகவில்லை என்று உங்களைக் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், அது உங்கள் கடமை இல்லை.

அடுத்து உங்கள் அம்மா பார்க்கும் தொடர். 1970களில் லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் அடிபட்ட பெண்களைச் சந்தித்துப் பேசி, பல வீடுகளில் ஒரு சுழற்சி இருப்பதைக் கண்டார். முதலில் இறுக்கம் கூடும், பிறகு வெடிக்கும், பிறகு மன்னிப்பும் கொஞ்சலும் வரும். அப்புறம் திரும்பவும் இறுக்கம். எல்லா வீட்டிலும் இந்த வரிசைப்படி நடக்காது, மன்னிப்பே கேட்காதவர்களும் நிறைய. ஆனால் காலில் விழுவது, பூ வாங்கி வருவது, "இனிமேல் சத்தியமா கை வைக்க மாட்டேன்" என்பது எல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. அந்தத் தொடர் எங்கே நின்றது என்று பாருங்கள். சரியாக மன்னிப்புக் கட்டத்தில் வந்து சுபம் போட்டுவிட்டார்கள். இன்னும் மூன்று மாதக் கதையைக் காட்டியிருந்தால் அம்மாவின் கேள்வியே மாறியிருக்கும். "திருந்தவே மாட்டானா?" என்று கேட்டால், ஒருசிலர் மாறலாம். அதற்கு அவன் தன் செயலுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்று வெகுகாலம் உழைக்க வேண்டும். அவள் திரும்பி வந்து பக்கத்தில் இருந்தால்தான் திருந்துவேன் என்பவன் இன்னும் பேரம்தான் பேசுகிறான்.

நம் மலேசியக் கதைகளுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக் கதையென்றால் கள்ளுக்கடை வரும், சம்சு என்ற மலிவுச் சாராயம் வரும். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தான் என்று ஒரே வரியில் காரணத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். தோட்டத்து வறுமையை எழுதி வைத்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த ஆள் அதே போதையில் வேலை வாங்கும் மண்டோரை அடிக்கவில்லை, கணக்கு எழுதும் கிராணியை அடிக்கவில்லை. லயத்து வீடுவரை நடந்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, தன்னைத் திருப்பி அடிக்க முடியாத ஒருத்தியைத்தான் அடித்தான். குடி அடியைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் யாரை அடிக்கலாம் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கதை எழுதுகிறவர் இதைப் பார்க்கத் தவறினால், பழி முழுவதும் புட்டியின்மேல் போய்விடும். படிக்கிறவர்களும், குடிக்காதவன் அடிக்க மாட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும், சொட்டுகூடத் தொடாத ஆண்களின் மனைவிமார் எழுதும் கடிதங்கள் எனக்கு வருகின்றன.

சரி, அடிக்கும் காட்சி வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்பது என் தீர்ப்பு. படிப்பவரை நம்பவைக்க இரத்தம் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், காவல் நிலையத்தில் "காயம் எங்கே?" என்று கேட்பவருக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. கழுத்தை நெரித்தால் பல நேரம் வெளியே ஒரு தடம்கூட இருக்காது. ஆனால் அது பின்னாளில் கொலைவரை போகக்கூடும் என்பதற்கான மிக வலுவான எச்சரிக்கைகளில் ஒன்று. படங்களிலோ அது கோபத்தில் கைநீட்டுவதன் இன்னொரு வகையாக வந்து போய்விடுகிறது. ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைப்பது, ஐசி என்கிற அடையாள அட்டையை ஒளித்து வைப்பது, அம்மா வீட்டுக்குப் போன் பேசினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது, இதற்கெல்லாம் தழும்பு ஏது? நம் நாட்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் வந்தது. மனத்துக்கு இழைக்கும் கொடுமையும் வன்முறைதான் என்று 2012 திருத்தம் சேர்த்துக்கொண்டது. சட்டமே ஒத்துக்கொண்டதை நம் கதைகளும் எழுதலாம்.

உங்கள் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. நீங்கள் சொன்ன சுருக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன். அந்தப் பெண் பயப்படுகிறாள், தயங்குகிறாள், வேறொன்றும் செய்யவில்லை. அவள் வேலையில் கெட்டிக்காரியா? யாரோடு சிரிப்பாள்? மகன்மேல் எரிந்து விழுவாளா, விழுந்துவிட்டு அந்தக் குரல் யாருடையது என்று திடுக்கிடுவாளா? சில ராத்திரிகளில் அவனை நினைத்து ஏங்கக்கூடச் செய்வாளா? கடைசிக் கேள்வி உங்களுக்கு வலிக்கலாம், மன்னியுங்கள். ஆனால் பிரிந்து வந்த பலர் வெளியே சொல்ல வெட்கப்படும் விஷயம் அதுதான். நல்ல நாள்களும் இருந்தன, அவற்றையும் சேர்த்துத்தான் இழந்தார்கள். அடிபட்டவளைத் தெய்வமாகவோ நடைப்பிணமாகவோ மட்டும் எழுதினால், உயிரோடு இருக்கும் பெண்கள் அதில் தங்களைக் காண முடியாது. மகனையும் கொஞ்சம் உள்ளே கொண்டு வாருங்கள். அம்மா பூட்டை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பையனுக்கு என்ன தெரியும் என்று உங்களைவிட யாரும் நன்றாக எழுத முடியாது. நம்பிக்கை வேண்டும் என்று கேட்டார்களே, இந்த மாதிரி இடத்தில் அது தானாக வந்தால் வரட்டும். கடைசிப் பத்தியில் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

எழுதுவது உங்களை என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்றில், மனத்தை அழுத்தும் அனுபவங்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. அவர்கள் மாணவர்கள், உங்கள் நிலைமை வேறு. அதனால் ராத்திரி தனியாக உட்கார்ந்து இதை எழுத வேண்டாம். பகலில் எழுதுங்கள், எழுதி முடித்ததும் பேச ஒருவர் இருக்கட்டும். பழைய நாள் கண்முன் அப்படியே நடப்பதுபோல் வந்தால் நிறுத்திவிட்டு ஆலோசகரைப் பாருங்கள். போட்டிக்கு அடுத்த வருடமும் அனுப்பலாம்.

இதைப் படிப்பவர்களில் இன்னும் வாசலுக்கு உள்ளே இருப்பவர்களும் இருப்பீர்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சமூக நல இலாகாவின் அதிகாரி நீதிமன்றம் போகாமலேயே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், அது ஏழு நாள் செல்லும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தம் கொடுத்த உரிமை அது. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வன்முறைக்கு ஆளானவர்களைத் தனியாக வைத்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் 1982 முதல் அடைக்கலம் கொடுத்துவரும் பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூ.ஏ.ஓ., பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் அமைப்பான டபிள்யூ.சி.சி. இரண்டுமே ஆலோசனையும் தருவார்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம், தங்கையே. மகள் தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்ற கவலையைத் தொடரின் வாயால் கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதையை அவரிடம் படித்துக் காட்டும் தைரியம் வந்தால் காட்டுங்கள், வராவிட்டால் விடுங்கள்.

போட்டிக்கு அனுப்புமுன் ஒன்றிரண்டு காரியம். ஊரையும் அவள் செய்யும் வேலையையும் பையனின் வயதையும் மாற்றிவிடுங்கள். புனைபெயரை ஏற்றுக்கொள்வார்களா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்புத் தொகை, பிள்ளையின் பொறுப்பு என்று ஏதாவது வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் உங்கள் வழக்கறிஞர் ஒரு தடவை படித்துவிடட்டும். மகனுக்கு விவரம் தெரியும் வயதென்றால் அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.